பிரபஞ்சத்தின் வயதும் என் வயதும்

என் வயதுக்கு வீட்டில் ஒரு கணக்கு இருந்தது, சர்க்காரில் ஒரு கணக்கு இருந்தது. வீட்டுக் கணக்குப்படி நான் பெரிய புயல் அடித்த வருஷம், ஆடி மாதம், நடவு நடந்துகொண்டிருந்தபோது பிறந்தவள். சர்க்கார் கணக்குப்படி அதற்கும் ஒன்றரை வருஷம் முன்னால், ஒரு ஜனவரியில். அந்த ஒன்றரை வருஷம் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று வெகுநாள் வரைக்கும் நான் யோசித்ததே இல்லை. எங்கள் தலைமுறையில் யாருக்குத்தான் சரியான பிறந்த தேதி இருந்தது?

காரைக்காலில் பிறந்திருந்தால் பிரெஞ்சுக்காரன் காலத்து வழக்கப்படி மேரியில் எழுதி வைத்திருப்பார்கள். நகராட்சி அலுவலகத்தை நாங்கள் மேரி என்றுதான் சொல்வோம். அங்கே நாள், நேரம், அப்பன் பெயர், சாட்சி எல்லாம் சுத்தமாக இருக்கும். ஆனால் அம்மா பிரசவத்துக்குத் தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அது எல்லைக்கு அந்தப் பக்கம், தஞ்சாவூர் ஜில்லா. எங்கள் ஊரான சுரக்குடியிலிருந்து மாட்டுவண்டியில் அரைநாள் தூரம்தான். அந்த அரைநாள் தூரத்தில் என் பிறந்த தேதி காணாமல் போயிற்று.

தேதி இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு அளவை உண்டு. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. ஹெட்மாஸ்டர் கணக்குப் பார்த்து ஏதாவது ஒரு ஜூன் தேதியைப் போட்டுவிடுவார். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள்தான். எனக்கு மட்டும் ஜனவரி. அதுகூட எனக்கு உறைக்கவில்லை, பாருங்கள். 'எம்பொண்ணுக்குக் கை நீட்டம், நாலு வயசு ஆவறதுக்குள்ளயே காதைத் தொட்டுட்டா' என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்கும் அதில் ஒரு பெருமை.

காரைக்கால் பெண்கள் கல்லூரியில் இயற்பியல் படித்தேன். படித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா போய்விட்டார். திருச்சியில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு ஊருக்கு வந்து, பெண்கள் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தேன். ஒளிவிலகல், ஓம் விதி, கொள்குறி வினா, தேர்வுத்தாள் திருத்துவது என்று ஐந்தாறு வருஷம் ஓடிவிட்டது. அந்த வேலையை மட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் ஓடவேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் எழுபத்தெட்டு கோடையில் பெங்களூரில் ஆசிரியர்களுக்கு ஒரு மாதப் பயிற்சி வைத்தார்கள். எங்கள் பள்ளியிலிருந்து வேறு யாரும் போகத் தயாரில்லை என்பதால் என்னை அனுப்பினார்கள். இரண்டாவது வாரம் ஒரு பேராசிரியர் வந்தார். சட்டை கசங்கியிருந்தது, குரலும் சன்னம். வந்தவர் பலகையில் ஒன்றும் எழுதாமல், "இந்தப் பிரபஞ்சத்துக்கு என்ன வயது? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு கட்சி ஆயிரம் கோடி வருஷம் என்கிறது, இன்னொரு கட்சி இரண்டாயிரம் கோடி என்கிறது" என்றார். கல்யாண வீட்டில் பெண்ணின் வயதைச் சொல்வதில்கூட இவ்வளவு வித்தியாசம் வராது என்று நான் பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தேன். அவர் காதில் விழுந்துவிட்டது. "சரியாகச் சொன்னீர்கள்" என்று சிரித்தார்.

அன்று ராத்திரி விடுதியில் தூக்கம் வரவில்லை. வானம் முழுக்க, எந்தப் பக்கம் திரும்பினாலும், ஒரே மாதிரி ஒரு மெல்லிய சூடு இருக்கிறதாம். ஆதியில் எல்லாம் கொதித்துக்கிடந்ததன் மிச்சம் அது. உலகம் பிறந்த அடுப்பு இன்னும் முழுசாக ஆறவில்லை. அதைக் காது வைத்துக் கேட்கிற கருவியை ஒரு குழு கட்டிக்கொண்டிருக்கிறது என்றும், ஆள் வேண்டும் என்றும் அவர் சொன்னார். 'நான் வரேன், நான் வரேன்' என்று மனசுக்குள் கூவிக்கொண்டே படுத்திருந்தேன். அப்படி ஒரு ஆசை அதற்கு முன்னால் எனக்கு எதன்மேலும் வந்ததில்லை.

ஊருக்கு வந்ததும் பிள்ளைகளை விட்டுவைப்பேனா? பாடத்தில் இல்லாவிட்டால் என்ன? "காரைக்கால் பஸ் ஸ்டாண்டிலேர்ந்து எல்லாப் பக்கமும் பஸ் கிளம்பிப் போவுது. ஒண்ணு அம்பகரத்தூர்ல நிக்குது, ஒண்ணு பூவத்துல நிக்குது. எத்தனை மணிக்குக் கிளம்பிச்சுன்னு எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டேன். வேகமும் தூரமும் தெரிந்தால் சொல்லிவிடலாம் என்றார்கள். அவ்வளவேதான். நட்சத்திரக் கூட்டங்கள் எல்லாம் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போய்க்கொண்டிருக்கின்றன. வேகத்தை அவற்றின் ஒளியில் படித்துவிடலாம். தூரம்தான் தகராறு. இருட்டில் வருகிற பஸ் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று அதன் விளக்கு வெளிச்சத்தை வைத்துத்தானே சொல்ல வேண்டும்? அந்த விளக்கு எத்தனை வாட் என்று தப்பாக நினைத்துவிட்டால் போச்சு, மொத்தக் கணக்கும் தப்பு.

அப்படித் தப்பாக நினைத்தும் இருக்கிறார்கள். ஒருகாலத்தில் ஒரு வகை நட்சத்திரத்தை இன்னொரு வகை என்று எடுத்துக்கொண்டு அளந்ததில், பிரபஞ்சத்தின் வயது பூமியின் வயதைவிடக் குறைவாக வந்துவிட்டது. தாயைவிடப் பிள்ளைக்கு வயது அதிகம்! அப்புறம் அளவையைத் திருத்தினார்கள், வயது இரண்டு மடங்கு ஏறியது. இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அடுத்த வருஷம் அந்தக் குழுவுக்கு விண்ணப்பம் போட்டேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். நேர்முகத்தில் அதே பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். "கல்யாணப் பெண்ணின் வயது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். முக்கால் மணிநேரம் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். வெளியே வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இடம் எனக்குத்தான். பெரிய தட்டு மாதிரி ஒரு கருவி அங்கே தோட்டத்தில் பாதி கட்டியபடி நின்றது. போகிறபோக்கில் அதன் இரும்புக் காலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தேன்.

சான்றிதழ் பார்க்கிற அறையில் ஒரு குமாஸ்தா என் பள்ளிச் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். "வயது வரம்பு இருபத்தெட்டு. உங்களுக்கு அது தாண்டிவிட்டதே, மேடம். சில மாதம்தான். ஆனால் தாண்டிவிட்டது" என்றார். இல்லை, எனக்கு இன்னும் இருபத்தேழே முடியவில்லை, இது பள்ளிக்கூடத்தில் போட்ட தேதி என்றேன். அவர் சலித்துக்கொள்ளவில்லை. தினமும் கேட்கிற பேச்சாக இருக்கும். "திருத்துவதற்குக் கெடு உண்டு, அது எப்போதோ போய்விட்டது" என்றார். பேராசிரியர் தானே எழுந்துபோய் யார் யாரிடமோ பேசிப் பார்த்தார். திரும்பிவந்து கையை விரித்தார்.

ரயிலில் அழவில்லை. மாயவரத்தில் இறங்கி பஸ் ஏறியபோதும் அழவில்லை. வீட்டுக்குள் நுழைந்து பையைக் கீழே வைத்ததும் வந்தது பாருங்கள் ஆத்திரம்! "எந்த மடையன் எனக்கு ஒன்றரை வயசு கூட்டி எழுதினான்? கையைத் தூக்கிக் காதைத் தொட்டா வயசா? இது ஒரு அளவா? இவனெல்லாம் ஒரு வாத்தியாரா?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அம்மா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எனக்குச் சோறு போட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எழுந்து பார்த்தால் அம்மாவைக் காணோம். பக்கத்து வீட்டு அக்கா, "அத்தை அம்பகரத்தூரு பஸ்ஸுல போனிச்சே, கையில பெரிய பை வச்சிருந்திச்சு" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. என்னைச் சேர்த்துக்கொண்ட பழைய ஹெட்மாஸ்டர் ரிட்டயர் ஆகி அம்பகரத்தூரில் மகன் வீட்டில்தான் இருந்தார். ஐயோ, இந்தம்மா என்ன கூத்து பண்ணப்போகுதோ என்று பதறிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

நான் போனபோது அவர் கூடத்தில் ஈசிச்சேரில் சாய்ந்திருந்தார். அம்மா எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பை கத்தரிக்காய். "நீங்க எழுதுனதுதாங்கய்யா. அந்த ஒன்றரை வருசத்தைத் திருப்பி எடுத்துட்டு எழுதிக் குடுத்துடுங்க. எம்பொண்ணுக்கு அது தடையா நிக்குதுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். பிரபஞ்சத்தைப் பற்றி அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நான் வேண்டியது கிடைக்காமல் வந்திருக்கிறேன், அது அந்த ஒன்றரை வருஷத்தால் என்று மட்டும் தெரியும்.

"நான் இப்ப எழுதுனா யாரும்மா மதிப்பாங்க? நான் ரிட்டயர் ஆன மனுசன்" என்றார் அவர். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு, "வாம்மா, உக்காரு" என்றார்.

நான் உட்காரவில்லை. மரியாதைக்குக் குறைவில்லாமல், ஆனால் சூடாகவே கேட்டேன். "சார், தப்பா நெனைக்காதீங்க. ஒரு புள்ளை கை கொஞ்சம் நீளமா இருந்தா வயசு கூடிடுமா? அதைப் பாத்து தேதி போடலாமா?"

அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒன் கை எங்கம்மா தொட்டுச்சு? உச்சந்தலையைக்கூடத் தாண்டலையே" என்றார். "அதெல்லாம் எதுக்குங்க இப்ப" என்று அம்மா அவசரமாக எழுந்தாள். அவர் விடவில்லை. "அதுக்குத் தெரியட்டும்மா. வீட்டுக்கு வந்து கேக்குது பாரு. நான் அளந்து எழுதலை, தாயீ. கை தொடலை, அடுத்த வருசம் கூட்டிட்டு வாம்மான்னுதான் சொன்னேன். வயசு என்னன்னு சும்மாதான் கேட்டேன். தை மாசம் இந்த வருசம் இந்தத் தேதின்னு ஒங்கம்மா கடகடன்னு சொல்லிச்சு. எனக்குத் தெரியும் அது யாரோட தேதின்னு. அந்தப் புள்ளையை வாய்க்கால்லேர்ந்து தூக்குனப்ப நானும் கரையிலதான் நின்னேன். அதுக்கு மேல நான் எதுவும் கேக்கலை. எழுதிட்டேன்."

எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்தது தெரியும். "ஒனக்கு முன்னாடி ஒண்ணு பொறந்து தங்கலை" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பிறந்து ஏழெட்டு நாளில் போய்விட்ட குழந்தை என்றுதான் நினைத்திருந்தேன். நாலு வயது வரை நடந்து, ஓடி, பேசித் திரிந்த பையன் என்று யாரும் சொன்னதில்லை. ஹெட்மாஸ்டர் சொல்லித்தான் தெரிந்தது. நடவு வயலுக்குப் பக்கத்து மரத்தடியில் அவனைத் தூங்க வைத்துவிட்டு அம்மா நாற்று நட்டுக்கொண்டிருந்தாளாம். எழுந்தவன் அம்மாவைத் தேடி வரப்பில் நடந்து வந்து, வாய்க்காலில் இறங்கிவிட்டான். அதற்கடுத்த வருஷம் நானும் தனியாக ஓடித் திரிகிற அதே வயதுக்கு வந்துவிட்டேன். நடவும் வந்துவிட்டது. என்னைக் கண்காணிக்க ஒரு இடம் வேண்டும். கதவு உள்ள இடம், நாலு பேர் பார்க்கிற இடம். ஊரில் அப்படி இருந்தது பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

ஹெட்மாஸ்டரின் மருமகள் காப்பி கொண்டுவந்தாள். குடித்தோம். அவர் கத்தரிக்காயை மட்டும் வாங்கிக்கொண்டு பழத்தை எங்கள் பையிலேயே வைத்துவிட்டார். நான் அவரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். அவ்வளவு தூரம் திட்டுவதற்கு ஆள் தேடி வந்தவள் நான். இனி யாரைத் திட்டுவது?

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் திருநள்ளாற்றைத் தாண்டியது. அப்புறம் அம்மாவே ஆரம்பித்தாள். "பொய் சொல்லணும்னு சொல்லலடி. வயசு என்னான்னு கேட்டாரு. அந்த வருசம் அவனத்தான் சேக்கணும்னு வச்சிருந்தேன். வாயில அதான் வந்திச்சு. சொன்னப்பறம் மாத்த மனசு வரல. எழுதிக்கிட்டாரு. எங்கயோ ஒரு எடத்துல அவனும் இருக்கான்னு இருந்திச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அது ஒங்காலைத் தடுக்கும்னு எனக்குத் தெரியலயே, பாப்பா."

"விடும்மா" என்றேன். உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது. அம்மாவை நினைத்தும் அழுகை வந்தது, பெங்களூர்த் தோட்டத்தில் பாதியில் நின்ற அந்தக் கருவியை நினைத்தும் அழுகை வந்தது. எதற்கு எவ்வளவு அழுதேன் என்று பிரிக்க முடியாது.

"அது என்னா வேலடி?" என்று அம்மா கேட்டாள். அதுவரைக்கும் அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

"இந்த உலகம், வானம், நட்சத்திரம் எல்லாத்துக்கும் என்னா வயசுன்னு கண்டுபுடிக்கிற வேலைம்மா."

"கண்டுபுடிச்சிட்டாங்களா?"

"இன்னும் இல்ல. ஒருத்தர் ஒண்ணு சொல்றாரு, இன்னொருத்தர் அது மாதிரி ரெண்டு மடங்கு சொல்றாரு."

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அதையும் எவளோ கூட்டிச் சொல்லி பள்ளிக்கூடத்துல சேத்துட்டா போலருக்கு" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

அதற்கப்புறம் என் வாழ்க்கை எல்லாருடைய வாழ்க்கையையும் போலத்தான் போயிற்று. கல்யாணம் ஆயிற்று. பிள்ளைகள் பிறந்தார்கள், காரைக்கால் ஆஸ்பத்திரியில், மணி நிமிஷத்தோடு. நூலகத்துக்கு வருகிற அறிவியல் பத்திரிகையில் அந்த இரண்டு கட்சிக்காரர்களும் அடித்துக்கொள்வதை எண்பதுகள் முழுக்க விடாமல் படித்தேன். இப்போது முடிவாகிவிட்டது. ஏறக்குறைய ஆயிரத்து முந்நூற்றெண்பது கோடி வருஷம். இரண்டு கட்சிக்கும் நடுவில் வந்து நின்றது. அதைச் சொன்னதும் அந்த மிச்சச் சூடுதான். அந்த வேலையில் ஒரு திருகாணியையாவது என் கை முடுக்கியிருக்கலாமே என்று இந்த வயதிலும் தோன்றுகிறது. தோன்றாது என்று பொய் சொல்லமாட்டேன்.

அம்மாவும் விடவில்லை. மாசத்துக்கு ஒருதடவையாவது, "வயசை முடிவு பண்ணிட்டாங்களா?" என்று கேட்பாள். இல்லை என்பேன். "நீ போயிருந்தா முடிச்சிருப்ப" என்பாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாள். அதில் எனக்கு இருந்த வருத்தத்தைவிட அவளுக்கு இருந்தது பெரிது என்று தெரிந்தும், 'அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா' என்று என் வாயில் வந்ததே இல்லை.

எண்பதுகளின் கடைசியில் அம்மா படுத்துவிட்டாள். மூச்சு இழுத்தது. கார் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாசலில் சீட்டு எழுதுகிறவர் என்னிடம் படித்த பெண்ணின் அப்பா. "அம்மாவுக்கு என்ன வயசுங்க, டீச்சர்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. வானத்தின் வயதைக் கேட்டிருந்தால் இரண்டு கட்சியின் கணக்கையும் ஒப்பித்திருப்பேன். பெற்றவளின் வயதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. என்னுடைய ஒன்றரை வருஷத்தைப் பற்றித்தான் அத்தனை வருஷமும் பேச்சு. "தோராயமாச் சொன்னாப் போதுங்க" என்றார் அவர். அம்மாவுக்கு இருபது இருக்கும்போது முதல் பிள்ளை பிறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன். என் சான்றிதழ்த் தேதியிலிருந்து மேலே எண்ணினேன். "அம்பத்தெட்டு போட்டுக்குங்க" என்றேன்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "யார வச்சுடி எண்ணுன?" என்றாள். "ஒன்னையா, அவனையா?"

"அவனை வச்சுத்தாம்மா."

அம்மா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "அப்ப சரியா இருக்கும்" என்றாள்.